ஐம்பது மில்லிமீட்டரில் ஜ்யோத்ஸ்னா

ஐம்பத்தோரு வயதில் ஜ்யோத்ஸ்னாவுக்குக் கயாக் என்ற ஒற்றையாள் படகின்மேல் பித்துப் பிடித்தது. ஞாயிறு காலைகளில் யமுனையில் துடுப்புப் போடக் கற்றுத்தரும் கிளப் ஒன்றில் சேர்ந்தாள். அதுவரைக்கும் வீட்டில் தகராறு இல்லை. கிளப் காலண்டருக்கு யாராவது படம் எடுத்துத் தந்தால் தேவலை என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

அவள் கணவர் சுந்தரேஷ் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கத்தரிக்காய்கூட நாலு கடை பார்த்துத்தான் வாங்குவார். கேமரா ஒன்று வைத்திருந்தார். அதற்குப் புதிதாக பிரைம் லென்ஸ் வேண்டும் என்றார்.

"ஜூம் கிடையாது. கிட்டத் தெரியணும்னா நாமதான் கிட்டப் போகணும். ஆனா படம் பளிச்சுனு வரும், விலையும் நமக்குக் கட்டுப்படி ஆகும். முப்பத்தஞ்சு மில்லிமீட்டரா அம்பதாங்கறதுதான் கேள்வி."

"ஏதோ ஒண்ணு வாங்குங்கோ."

"ஏதோ ஒண்ணுன்னா? டெஸ்ட் பண்ணிப் பாக்காமலா?"

சனிக்கிழமை காலை டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸ் புல்தரையில், துணி ஊறவைக்கும் டப்புக்குள் ஜ்யோத்ஸ்னா உட்கார்ந்திருந்தாள். லைஃப் ஜாக்கெட் போட்டு, கையில் ஒட்டடைக் கம்பு வைத்திருந்தாள். கயாக்கின் நீளத்துக்கு அடையாளமாக முன்னால் ஒரு பூந்தொட்டி, பின்னால் ஒரு பூந்தொட்டி. சுந்தரேஷ் பழைய ஜூம் லென்ஸை முப்பத்தைந்தில் நிறுத்தி, நகராமல் டேப் ஒட்டினார். இருபதடி தள்ளிப் போனதும் இரண்டு தொட்டியும் படத்தில் விழுந்தன. பிறகு ஐம்பதில் ஒட்டினார். பின்பக்கமாகவே நடந்து, கேட்டைத் தாண்டி, நடுத்தெருவுக்குப் போய்விட்டார். அவருக்காகக் காலிஃபிளவர் வண்டி ஒன்று நின்று காத்திருந்தது.

"துடுப்பு போடு," என்று தெருவிலிருந்து கத்தினார்.

ஜ்யோத்ஸ்னா போட்டாள். எதிர்வீட்டு சுஷ்மா, கான்பூர்க்காரி, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாபிஜி, உங்க வீட்டுல தண்ணி வரலையா? டாங்கருக்குச் சொல்லட்டுமா?" என்று இந்தியில் கேட்டாள். ஜ்யோத்ஸ்னாவுக்கு மானம் போயிற்று. வேண்டாம் என்று ஒட்டடைக் கம்பை ஆட்டினாள். அந்த ஆட்டம் படத்தில் நன்றாக விழுந்ததாக சுந்தரேஷ் சொன்னார்.

ஆற்றில் கேட்டும் சுவரும் குறுக்கே வராது. தவிர, ஐம்பதுதான் மலிவு. ஐம்பதையே வாங்கினார். அதன் வாயை முழுக்கத் திறந்துவைத்தால் பின்னணி குழைந்துபோகும் என்று கடைக்காரர் சொல்ல, திறந்த வாயைக் கடைசிவரை அவர் மூடவே இல்லை. கொடுத்த காசு அதற்குத்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலைக் குளிரில் ஒரு படகில் ஏறிக்கொண்டு, படகோட்டியைப் பின்னால் உட்காரவைத்து, "முப்பதடி தள்ளியே இரு," என்று மனைவிக்கு உத்தரவு போட்டார்.

ஆற்றுக்கு அது தெரியவில்லை. நீரோட்டம் ஜ்யோத்ஸ்னாவை நேரே அவர்மேல் கொண்டுவந்தது.

"பின்னாடி போ."

"போனாத்தானே."

"பையா, பீச்சே," என்று படகோட்டியைக் கெஞ்சினார். படகு பின்வாங்கப் பின்வாங்க, போட்டோ என்றதும் கிளப் மொத்தமும் துடுப்புப் போட்டுத் துரத்தியது. ஒன்பது கயாக்குகள் படகை வளைத்து நிற்க, அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் படங்களை ஜ்யோத்ஸ்னாவின் போனுக்கு மாற்றிப் பார்த்த சுந்தரேஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்றிலும் கயாக் இல்லை. துடுப்பு இல்லை. முகம், முகம், முகம். ஜ்யோத்ஸ்னாவின் கண்கள் மட்டும் துல்லியம். காதுகூடக் கலங்கலாக இருந்தது.

"எல்லாம் வேஸ்ட். காலண்டருக்கு ஆகாது."

ஜ்யோத்ஸ்னா போனை வாங்கிப் பார்த்தாள். பத்து வயது குறைந்த ஒருத்தி அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மிதந்த பாலிதீன் பைகள் வெள்ளைத் தாமரைகளாகவும், நுரை பனியாகவும், யாரோ வீசிய செவ்வந்தி மாலை பொன் துளிகளாகவும் கரைந்திருந்தன. அவர் புலம்பி முடிப்பதற்குள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

மாம்பலத்திலிருந்து மன்னி உடனே எழுதினாள்: "காஷ்மீரா? சொல்லவே இல்லையே."

"யமுனைன்னு எழுது," என்றார் சுந்தரேஷ். "லென்ஸ் பேரும் போடு."

ஜ்யோத்ஸ்னா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "காலம்பற ரொம்பக் குளிர், மன்னி," என்று எழுதி அனுப்பினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.