பின்பாதி

மாதா சுருவத்தைக் குளிக்கிற துவாயால் சுற்றி, சில்லு வைத்த கடைப்பைக்குள் நிறுத்தி, தலை மட்டும் வெளியே தெரிய பஸ்ஸில் ஏற்றினேன். எதிரே நாயோடு இருந்த கிழவர் பொம்மையா என்று கேட்டார். இல்லை, அம்மா என்றேன். என் ஜேர்மன் அவ்வளவுதான் வரும். அதற்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

ஒக்டோபர் மாதம் முழுக்க மாதா எங்கள் ஆட்களின் வீடுகளைச் சுற்றிவருவா. ஒரு வீட்டில் ஒரு நாள் இருந்து, செபமாலை சொல்லி முடிய, அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த ஹம் நகரத்தில் நாங்கள் கொஞ்சப் பேர்தான், மிச்சப் பேர் டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் வருவார்கள். யாருக்குப் பிறகு யார் என்று ஒழுங்கு போடுகிறவர் அல்பேர்ட் அண்ணை. அவருக்கு ஆட்களைச் சமாதானப்படுத்துகிற வருத்தம் ஒன்று இருக்கிறது, அது எந்த மருந்துக்கும் மாறாது. என் வீட்டுக்கு அடுத்ததாகப் பிளோறன்சின் வீட்டைப் போட்டிருந்தார். போனில் பிடித்துக் கத்தினேன். மாதா கேட்டவ பிள்ளை என்றார். மாதாவுக்கு வேறு வேலையில்லை பாருங்கோ என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றுக்குமே மனமில்லை. என் மகள் நிரோஷி காலையிலிருந்து எசன் நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று அறையில் கிடக்கிறாள். தலைப்பிள்ளை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். மருந்தால் அடங்கித்தான் இருந்தது, ஆனாலும் பேறு நேரத்தில் என்னவும் நடக்கலாம் என்று டொக்டர்மார் முன்பே சொல்லியிருந்தார்கள். ஓடிப் போவோமென்றால் ரயில்காரர் ஸ்ட்ரைக். மருமகன் சேயோன், நீங்கள் அந்தரப்படாதேங்கோ மாமி, நான் அறிவிக்கிறன் என்றான். வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் விசராக்கிப்போடும். அதனால்தான் வெளிக்கிட்டேன். வாசலில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்புவது என்ற முடிவோடுதான் போனேன்.

பிளோறன்ஸ் யாரென்று சொல்ல வேண்டும். நானும் அவளும் ஊரில், பாசையூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, இங்கே வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறை. நிரோஷிக்கு ஞானத்தாய் அவள்தான். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு நின்றவள். அப்படிப்பட்டவள், நிரோஷிக்கு டோர்ட்மண்டில் நல்ல இடத்தில் சம்பந்தம் பொருந்தி, மோதிரம் மாற்ற நாள் பார்க்கிற நேரத்தில், மாப்பிள்ளையின் தாய் பூசை முடிந்து பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ என்று கேட்டாவாம், இவள் சொன்னாளாம், பிள்ளைக்கு வலிப்பு இருக்கு என்று. கேட்டால் பொய் சொல்ல ஏலாதாம். பெரிய அரிச்சந்திரன்! தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் வாய் அழுகிப்போகுமா? சம்பந்தம் முறிந்தது. நிரோஷி மாதக்கணக்கில் ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தாள். பிறகு எசனுக்கு வேலைக்குப் போய், சேயோனைக் கண்டு, வருத்தத்தைத் தானே அவனுக்குச் சொல்லி, கட்டியும் விட்டாள். அதெல்லாம் அவளுடைய கெட்டித்தனம். பிளோறன்சின் கணக்கில் அதில் ஒரு துளியும் சேராது.

நான் அவளைப் பெரிதாக ஏசவும் இல்லை. கோயில் மண்டபத்துக் குசினியில், ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்ற பெண்கள் முன்னால், பெற்றிருந்தால் தெரிந்திருக்கும், காய்ந்த வயிற்றுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவ்வளவுதான். ஒரு சொல். அவள் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குளிருக்குள் நடந்து போனாள்.

அன்றோடு எனக்கு ஒரு வரி செபம் வராமல் போய்விட்டது. பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடம். மனதில் இல்லாததைக் கடவுளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பூசையில் அந்த இடம் வரும்போது எனக்கு இருமல் வரும், அல்லது மூக்குத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சி தேட வேண்டியிருக்கும். செபமாலையில்தான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. செபமாலையை முன்னுக்குச் சொல்கிறவர் மந்திரத்தின் முன்பாதியோடு நிறுத்திவிடுவார். அப்பம் கேட்கிறது, மன்னிக்கிறது, சோதனைக்குத் தப்புகிறது எல்லாம் பின்பாதி. அதைக் கூட்டம் சொல்லும். ஆகவே முன்னுக்குச் சொல்கிறவருக்கு அந்த வரியே கிடையாது. களவும் இல்லை, பொய்யும் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முன் இடத்தை நான் பிடித்தேன். வீட்டில் தனியே என்றால் யூடியூப்பில் ஒரு ஃபாதர் சொல்லுவார், பின்பாதியை அவர் பார்த்துக்கொள்வார். ஜெயமலருக்கு முன்னுக்குச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்று சனம் என்னை நக்கலடித்தது. அடிக்கட்டும். பிளோறன்சுக்கும் அதே பெருமைக் குணம். அவளும் முன் இடத்தை யாருக்கும் விடமாட்டாள். இரண்டு பேரும் ஒரு வீட்டில் சந்தித்தால் செபமாலை தொடங்கவே இழுபடும். கடைசியில் அல்பேர்ட் அண்ணை ஒரு கிழமை எனக்கும் ஒரு கிழமை அவளுக்கும் என்று பிரித்துவிட்டார். அவளுடைய கிழமையில் நான் போவதில்லை. என்னுடையதில் அவள் வருவதில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்காமல் பைக்குள் தெரிந்த மாதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள வா. மாதாவை வாசலில வைச்சுக்கொண்டு நிக்காத."

"குடுத்திட்டுப் போறன்."

"அல்பேர்ட் அண்ணை போன் எடுத்தவர். ஸ்ட்ரைக்கால ஒருத்தரும் வரேல்லையாம். ரெண்டு பேருமாச் செபமாலை சொல்லட்டாம்."

அந்த மனிசன் ரயில்காரரோடு சேர்ந்து திட்டம் போட்டிருக்குமோ என்றுகூட எனக்கு ஓடியது. சுருவத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டாவது வருவோமென்று சப்பாத்தைக் கழற்றினேன். வரவேற்பறையில் வெள்ளை விரிப்பு விரித்த மேசை, இரண்டு மெழுகுதிரி, நிறையக் கதிரை. பெரிய பானை நிறையத் தேத்தண்ணி வேறு. வராத சனத்துக்கு இவ்வளவு ஆயத்தமா என்று எனக்கு எரிந்தது. மாதாவை மேசையில் நிறுத்தித் துவாயை மடிக்கிறேன், என் போன் டிங் என்றது. அதே நொடி மேசையோரம் கிடந்த அவளுடைய போனும் டிங் என்றது.

சேயோன்தான். நிரோஷிக்கு வலிப்பு வந்திட்டுது, ஒப்பரேசனுக்குக் கொண்டு போயினம், எனக்குச் செபம் தெரியாது, உங்கட மாதாட்டைக் கேளுங்கோ என்று எழுதியிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தால் பிளோறன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய போனிலும் அதே செய்தி.

"உனக்கேன் அனுப்பினவன்?"

"அவள் என்னோட கதைக்கிறவள். முதல் ஏசத்தான் எடுத்தவள். பிறகு சும்மாவும் எடுப்பாள்."

பிள்ளை பெறப் போகிற என் மகளும் எனக்குத் தெரியாமல் இவளோடு! கையில் இருந்த துவாயால் அவளுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். ஆனால் கொடுக்க நேரமில்லை. அங்கே என் பிள்ளையின் வயிற்றை வெட்டுகிறார்கள். போன் இரண்டையும் மேசையில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் ஒன்றாகவே தரையில் முழந்தாளிட்டோம். சிலுவை அடையாளம் போட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். அவளும் தொடங்கினாள். இரண்டு குரலும் முன்பாதி முழுக்க ஒன்றாக ஓடி, ஒரே இடத்தில் வந்து நின்றன.

யாரும் பின்பாதியைச் சொல்லவில்லை.

"நீ பின்னுக்குச் சொல்லு," என்றேன்.

"என்ர வீடு. நான்தான் முன்னுக்கு."

"என்ர பிள்ளை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மெழுகுதிரியைப் பார்த்தாள். எனக்கு அந்த முகம் தெரியும். இருமல் வராத நேரத்தில் இருமுகிற முகம். நானும் அதே முகத்தோடுதான் இவ்வளவு காலமும் கோயிலில் நின்றேன்.

"உனக்கும் அந்த வரி வராதோ?"

"ஓம். குசினியில நீ சொன்ன நாள் துவக்கம்."

எனக்குத் தலைக்குள் குப்பென்று ஏறியது. குற்றம் செய்தவள் அவள். மன்னிக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற உரிமை எனக்குத்தான். இந்தக் கள்ளி எனக்குத் தெரியாமல் என்னை மன்னிக்காமல் இருந்திருக்கிறாள்! "என்னை மன்னிக்கிறதுக்கு உனக்கு என்ன கிடக்கு?" என்று கேட்டேன். அவளுடைய செபமாலை சுற்றிய கை மெல்ல இறங்கி வயிற்றின் மேல் நின்றது. நான் மாதாவைப் பார்த்தேன். மாதாவும் எனக்கு உதவவில்லை.

எசனில் என் பிள்ளை மேசையில் கிடக்கிறாள். இங்கே பாதிச் செபம் நடுவீட்டில் நிற்கிறது. பாதியை அனுப்பினால் பாதிதானே கேட்கும் என்று எனக்குப் பயம் பிடித்தது. அப்படியொரு பயத்தை நான் தப்பி வந்த கடலிலும் பட்டதில்லை, முகாமிலும் பட்டதில்லை. பின்பாதியைப் பிடித்தேன். அப்பம் கேட்டேன். அப்பத்தில் அவளும் வந்து சேர்ந்தாள். அடுத்தது அந்த வரி. மூச்சை இழுத்து, அவள் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேரே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவளும் விடவில்லை. என்னைப் பார்த்து, எனக்குக் காது கேளாதது போல, இன்னும் உரத்துச் சொன்னாள். என்னுடையது போதாது போலிருந்தது, நான் மறுபடியும் சொன்னேன். அவளும் மறுபடி சொன்னாள். மீன் சந்தையில் சண்டை பிடிக்கிற இரண்டு பேர் போல மன்னிக்கிறோம் மன்னிக்கிறோம் என்று கத்தினோம். அவளுடைய எச்சில் என் கன்னத்தில் பட்டது. கீழ் வீட்டு ஜேர்மன்காரி கூட்டுகிற தும்புத்தடியால் எங்கள் காலுக்குக் கீழே இடித்தாள்.

இரண்டு பேரும் வாயை மூடினோம். அவளுக்கு மூக்கு ஓடியது, சட்டைக் கையால் துடைத்தாள். எனக்குத் தொண்டை கிழிந்து எரிந்தது.

மேசையில் ஒரு போன் அதிரத் தொடங்கியது. வெள்ளை விரிப்பில் நடுங்கி நடுங்கி விளிம்பை நோக்கி நகர்ந்தது. அது என்னுடையதா அவளுடையதா என்று பார்க்கவில்லை, அவள் கையும் என் கையும் ஒன்றாகப் போய் அதைப் பிடித்தன.