சித்தப்பா ஆபீஸில் ஒரு பாகப்பிரிவினை

சித்தப்பாவின் டைல்ஸ் கம்பெனியில் அத்தனை கம்ப்யூட்டர்களும் ஒரே நெட்வொர்க்கில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தன. கணக்குப் பிரிவு, கிடங்கு, கேமரா, வரவேற்பறையில் கால் மேல் கால் போட்டுக் காத்திருக்கும் கஸ்டமரின் போன், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரும் கேட்டுச் சிரமப்படக் கூடாதே என்று சித்தப்பா அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டியிருந்தார்.

அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகளை நெட்வொர்க் படிப்புக்கு அனுப்பியதும் அவர்தான். ஒருமுறை அவர் வீட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டு இன்டர்நெட்டை வரவழைத்திருந்தாள். இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

படித்துவிட்டு வந்தவள் காகிதத்தில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினாள். "கணக்கு தனி, கிடங்கு தனி, வெளியாளுங்க தனி, சித்தப்பா. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போகணும்னா, நடுவுல காவல் நிக்கிற ஃபயர்வாலு விட்டாத்தான் போக முடியும்."

"நான் உயிரோட இருக்கும்போதே பாகப்பிரிவினையா?"

கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சித்தி நிமிராமலே சொன்னாள்: "பிரிக்கட்டும். போன வாரம் ஒரு கஸ்டமர் அவர் பொண்ணோட வீட்டுப்பாடம் பூரா என் பிரின்டர்லதான் எடுத்தாரு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தாள். ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் 'யாரையும் விடாதே' என்பதை முதல் வரியிலேயே போட்டாள். அதுவும் சொல் பேச்சு கேட்கிற பிள்ளையாக எல்லாரையும் வெளியே தள்ளியது, அவளையும் சேர்த்து.

"பலே! திருடனும் உள்ள வர முடியாது, நாமளும் வர முடியாது," என்றார் சித்தப்பா, பில்லுக்குக் காத்திருந்த வரிசைக்கே கேட்கும்படி. அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குந்தி, கேபிளை நேராக ஃபயர்வாலிலேயே சொருகி விதிகளின் வரிசையைத் திருத்தினாள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சித்தப்பா தன் போனை நீட்டினார். "இதுக்கு மட்டும் எல்லாக் கதவையும் திறந்து விடு."

"உங்க போனு வெளியாளுங்க பக்கம்தான் சித்தப்பா."

"என் கம்பெனியில நான் வெளியாளா?"

"நீங்க இல்ல. உங்க போனு."

அவர் உடனே அண்ணனுக்குப் போன் செய்தார். அன்று இரவு வீட்டில் அவள் அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விசாரணைக் கமிஷன் வைத்தார்: "சித்தப்பாவுக்கு ஒரு கதவு திறந்து விட்டா நீ குறைஞ்சா போயிடுவே?" அவளுக்கும் மனம் ஆடிவிட்டது. மறுநாள் திறக்கத்தான் உட்கார்ந்தாள். பின்னால் வந்து நின்ற சித்தி, "திறந்தியோ, கணக்கெல்லாம் உன் தலையில கட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். கை நின்றது.

அந்த வாரமே சித்தப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இலவச வாட்ச் ஒன்று விழுந்திருப்பதாக மெசேஜ் வர, அதில் சொன்ன ஆப்பைப் பய பக்தியோடு போனில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி உட்பட, 'அன்பு நண்பரே, உங்களுக்கும் வாட்ச்' என்று அவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது.

அவள் ஃபயர்வால் பதிவுகளைத் திறந்தாள். சித்தப்பாவின் போன் கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருந்தது. வரிக்கு வரி, அனுமதி மறுப்பு. அன்று திறந்திருந்தால்? சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சித்தி அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

விஷயத்தைக் கேட்ட சித்தப்பா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கணக்குக்குத்தான் ஒண்ணும் ஆகலையே! அப்புறம் எதுக்கு இந்த ஃபயர்வாலு, தண்டமா?"

சித்தி அவர் கையிலிருந்து போனை வாங்கி, அணைத்து, தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

ஆனாலும் சம்பந்தி இத்தனை வருஷம் கழித்து ஆபீஸ் நம்பரில் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார், வாட்ச் எப்போது வரும் என்று கேட்கத்தான். அந்தச் சந்தோஷத்தில் சித்தப்பா அண்ணன் மகளுக்குப் பதவி உயர்வு கொடுத்தார். கிடங்குக் கதவில் 'நெட்வொர்க் மேலாளர்' என்று பலகை ஏறியது. நாற்காலி வரவில்லை. அவள் ஒரு டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த அந்த ஒரே பாஸ்வேர்டை ஒவ்வொரு இடமாக மாற்றத் தொடங்கினாள்.