பளபளப்பா, மங்கலா

"பளபளப்பு மேல வைக்காதீங்க, கீறல் விழுந்துரும்!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில், பெட்டியைச் சுமந்து வந்த நால்வரும் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அப்ப எங்கம்மா வைக்கிறது?" என்றார் முன்னால் நின்றவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நடுவுல, இன்னும் தேய்க்காத இடத்துல வைங்க. முதல்ல ஷூவைக் கழட்டுங்க. புதுத் தரை."

பெட்டியை இறக்காமலேயே நால்வரும் ஒரு காலால் மறுகாலின் ஷூவை உதறிக் கழற்றினார்கள். அதைப் பார்த்து இறந்தவரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மகள் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

ஹாலில் வைக்க வழியில்லை. ஃப்ரிட்ஜ், அடுப்பு, பாத்திரங்கள் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தன. சமையலறையின் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அடியிலிருந்த கான்கிரீட்டையே தேய்த்து மெருகேற்றிக்கொள்வது என்று முடிவாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. எவ்வளவு மெருகு என்பதுதான் முடிவாகவில்லை. பாலிஷ்காரர் வாசலோரம் மாதிரிக்கு இரண்டு சதுரம் தேய்த்துக் காட்டியிருந்தார். இடது பக்கம் மங்கல், வலது பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கணவருக்குப் பளபளப்பு வேண்டும். அவளுக்கு மங்கல்.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிகளுக்குள் வேலை பார்த்த மனிதர். "வீட்டுலயாவது கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டுமே" என்றார்.

"வழுக்கும். உங்க முட்டிக்கு ஆகாது."

"என் முட்டியைப் பத்தி என் முட்டி பேசிக்கும்" என்றவர், பளபளப்புச் சதுரத்தின் மேல் குனிந்து, அதில் முகம் பார்த்துத் தலை வாரிக் காட்டினார். வாருவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. அதை அவள் சொல்லியும் விட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. இரண்டு நாள், ஒரே அறையில் நின்றுகொண்டு, பாலிஷ்காரரை நடுவில் வைத்துத்தான் பேசினார்கள்.

"வழுக்கி விழுந்தா யாரு தூக்குவாங்கன்னு அவர்கிட்ட கேளுப்பா."

"நாலு பேரு வருவாங்கன்னு சொல்லுப்பா."

பாலிஷ்காரர் இயந்திரத்தை ஓடவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. கோபத்தில்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, அவள் இரண்டு தடவை அவரைக் கடந்து போனாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சாவு வீட்டுக்கு வருபவர்கள் வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தரையைத்தான் பார்ப்பார்கள். இங்கே தரையில் பார்ப்பதற்கு விஷயம் இருந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வெகுநேரம் தலை குனிந்து நின்றார். பிறகு நாத்தனார் பக்கம் சாய்ந்து, "இது என்ன, கல்லா?" என்றார்.

"கான்கிரீட்டாம்."

"அட! கறை புடிக்காது?"

"மேல ஏதோ பூச்சு பூசுவாங்களாம். பளபளப்புதான் வேணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நின்னாரு. அவரோட கடைசி ஆசை."

"கடைசி ஆசை இல்ல, கடைசிச் சண்டை" என்றாள் மனைவி. காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவைதான்.

"அண்ணி, இப்பப் போயி..."

"அம்மா, விடும்மா" என்றாள் மகள்.

பாலிஷ்காரரும் வந்திருந்தார். சலவைச் சட்டையில், தலையில் தூசி இல்லாமல் இருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. யாரோ அவரைச் சொந்தக்காரர் என்று நினைத்து நாற்காலி போட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது என்றார்கள். நால்வரும் சாக்ஸ் காலோடு வந்து பெட்டியைத் தூக்கினார்கள். நடுவில் சொரசொரத் தரை, கால் நன்றாகப் பிடித்தது. வாசலை நெருங்கியதும் முன்னால் போனவரின் வலது கால் பளபளப்பின் மேல் பட்டது. அடுத்த நொடி அந்தக் கால் தனி வழியில் போனது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பல் டாக்டர் பாய்ந்து தாங்கினார். நாத்தனார் "ஐயோ அண்ணா!" என்றாள். உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து இடிக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா? அப்பவே சொன்னேன்ல!"

சாமான் இல்லாத அறையில் மனைவியின் குரல் கணீரென்று அடித்தது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் வழுக்கியவர்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்து, முகத்தை நிமிர்த்தி. ஒரு பதிலை யோசித்து எடுக்க வழக்கமாகக் கணவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் நின்றாள். சுமப்பவர்கள் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே கூட நின்றார்கள்.

மகள் அவள் கையைத் தொட்டாள். "அம்மா, போகட்டும்மா."

"ம். பாத்துப் போகச் சொல்லு."

ஒன்பதாம் நாள் பாலிஷ்காரர் இயந்திரத்தோடு வந்தார். "மங்கல்தானேம்மா? அன்னைக்கு நானே கண்ணால பாத்துட்டேன்."

"பளபளப்பு."

"அம்மா!" என்றாள் மகள். "வழுக்கும்னு நீதானே அவ்வளவு சண்டை போட்ட?"

"வழுக்கும்தான். சண்டை போட்டது என் முட்டிக்கா?" என்று சொல்லிவிட்டு, பாலிஷ்காரருக்கு டீ போட ஹாலுக்குப் போனாள்.

வேலை மூன்று நாளில் முடிந்தது. நான்காம் நாள் காலை அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் முழுசாகத் தரையில் கிடந்தது, கம்பிகளோடு, வெளியே போன ஒரு மேகத்தோடு. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, அதை மிதிக்காமல், சுற்றி நடந்து அடுப்பு மேடைக்குப் போனாள்.