ஏரம்பு விழுங்கிய குழாய்

எட்டு மாதமாக எரிந்த வயிற்றோடு சிற்றம்பலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 1962ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. அவருடைய பரந்தன் குடியேற்றத்திட்டத்தில் எல்லோரும் விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

வார்ட்டு டொக்டர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். உள்ளே புண் இருந்தால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வயிற்றை வெட்டவேண்டும். இல்லையென்றால் மருந்தோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டில் எது என்பதைக் குழாய் விட்டுப் பார்த்தால்தான் சொல்லலாம். அந்தக் குழாயும் அதை உள்ளே விடத் தெரிந்த பெரிய டொக்டரும் மாதத்தில் ஒரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு தாண்டி வருவார்கள். அந்த நாள் இன்று.

சிற்றம்பலத்துக்குக் குழாயிலும் பயம், கத்தியிலும் பயம். கத்தியில் கூடுதல். பக்கத்துக் காணி வீரகத்தி நாலு வருடத்துக்கு முன் குடலிறக்கத்துக்கு வெட்டுவித்துக்கொண்டு வந்தவர், இன்றுவரை மண்வெட்டியைத் தூக்கவில்லை. அது சோம்பல் என்று ஊர் சொன்னது. கத்திதான் காரணம் என்று சிற்றம்பலம் நம்பினார்.

காலையில் வார்ட்டுத் தாதி மிஸி ஒரு கடதாசியில் இரண்டு மாத்திரைக் குளிசைகளைச் சுற்றிக் கொடுத்திருந்தார்.

"ஒன்பது மணிக்கு ஒண்டு, ஒன்பதரைக்கு மற்றது. சூப்பவேணும், கடிக்கக்கூடாது. நாக்கும் தொண்டையும் விறைச்சுப்போம். குழாய் போறதே தெரியாது."

"தெரியாமல் போனா நல்லது" என்றார் சிற்றம்பலம்.

எட்டேமுக்காலுக்கு அவருடைய மனைவி இலட்சுமி வந்தாள். அவளுக்குப் பின்னால், பரந்தனில் ஐந்து மணிப் பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடு ஏறிய அவளுடைய தமையன் ஏரம்பு வந்தார். சிற்றம்பலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திறப்பது என்ற பிரச்சினையில் மச்சான்மார் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஏரம்பு கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று சுவரைப் பார்த்தார்.

"இலட்சுமி, உன்ர புருஷனுக்கு இப்ப எப்பிடியாம்?"

"இன்னும் சாகேல்லை எண்டு உன்ர அண்ணருக்குச் சொல்லு."

"சாகிறதெண்டா விதைப்பு முடியச் சாகச் சொல்லு. இப்ப ஊரிலை ஒருத்தருக்கும் நேரமில்லை."

"அவரை இஞ்சை ஒருத்தரும் கூப்பிடேல்லை எண்டு சொல்லு."

"நான் ஆரையும் பாக்க வரேல்லை. தங்கச்சிக்குத் துணையா வந்தனான் எண்டு சொல்லு."

இலட்சுமி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் களைத்துப் போனாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ, நான் போய்த் தேத்தண்ணி வாங்கியாறன்" என்று போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் போனதும் கதை நின்றுவிட்டது. சொல்லிவிட ஆளில்லை. ஏரம்பு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். சிற்றம்பலம் தன் கால் விரல்களைப் பார்த்தார். ஐந்து நிமிடம் போனது. ஏரம்பு சால்வையை உதறித் தோளில் போட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

ஐம்பது மைல் பஸ்ஸில் வந்த மனுஷன் கையில் ஒன்றும் வாங்காமல் போனால் உறவு இனி ஒருநாளும் ஒட்டாது. சிற்றம்பலம் அவசரமாகத் தேடினார். வெற்றிலைத் தட்டத்தை மிஸி பறித்துவிட்டார். பழம் இல்லை, குழாய் விடும்வரைக்கும் பட்டினி. கைக்கு அகப்பட்டது கடதாசிச் சுருள்தான். ஒன்று கொடுத்தாலும் ஒன்று மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, விரித்து நீட்டினார்.

ஏரம்பு திரும்பிப் பார்த்தார். வெள்ளை நிறத்தில் இரண்டு இனிப்பு. மச்சான் வாயைத் திறந்து கதைக்கவில்லைத்தான், ஆனால் கையை நீட்டிவிட்டான். ஏரம்புவுக்குப் பசியும் இருந்தது. இரண்டையும் எடுத்து வாயில் போட்டு நறநறவென்று கடித்தார்.

கடிக்கக்கூடாது என்று சொல்ல சிற்றம்பலத்தின் வாய் பாதி திறந்தது. இரண்டு வருட ரோசத்தை ஒரு குளிசைக்காகவா விடுவது? வாய் மூடிக்கொண்டது.

சிறிது நேரத்தில் ஏரம்புவின் முகம் மாறியது. நாக்கை வெளியே நீட்டினார். விரலால் தொட்டார். அது வேறு யாருடைய நாக்கோ மாதிரி இருந்தது. விழுங்கிப் பார்த்தார், தொண்டையைக் காணவில்லை. கடைவாயால் எச்சில் ஒழுகியது. கட்டிலில் இருந்தவரை அவர் பார்த்த பார்வையில், விஷயம் முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது என்பது தெரிந்தது. வாய்க்கால் தண்ணீருக்காகத் தங்கச்சி புருஷன் நஞ்சு வைத்துவிட்டான்.

அந்த நேரம் பெரிய டொக்டரோடு வந்த, ஆளைத் தெரியாத வேறொரு மிஸி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சிற்றம்பலம்!"

ஏரம்பு அவரிடம் ஓடினார். குற்றவாளியின் பெயரைச் சொல்லப் பார்த்தார். "இத்தலம், இத்தலம்" என்றுதான் வந்தது. தொண்டையைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், கண்ணீர் விட்டார்.

"ஓம், ஓம், நீங்கள்தான். வடிவா விறைச்சுப்போச்சு" என்று மிஸி மகிழ்ந்தார். தட்டைக் குச்சியால் உள்நாக்கைத் தட்டினார். ஏரம்பு அசையவில்லை. "அப்பாடா, இப்பிடி ஒருத்தருக்கும் விறைச்சதில்லை. வாங்கோ ஐயா."

பக்கத்து அறைக்குள் நீளக் குழாயைக் கண்டதும் ஏரம்புவுக்கு உயிர் வந்தது. போன வருடம் அயலில் அப்புத்துரை கள்ளுப்போத்தல் என்று பூச்சிமருந்துப் போத்தலைத் தூக்கிக் குடித்தபோது, குழாய் விட்டு வயிற்றைக் கழுவித்தான் காப்பாற்றினார்கள். ஏரம்பு தானாகவே மேசையில் ஏறினார், தானாகவே வாயைப் பிளந்தார்.

அறைக் கதவு மூடும்வரை சிற்றம்பலம் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நானில்லை" என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கே நின்று யோசித்தது. ஏரம்பு கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிற்றுக்காரன். உள்ளே பார்த்தால் கழுவிவிட்ட பானை மாதிரி இருக்கும். நோயாளித் துண்டுக் கடதாசியில் எழுதப்போவது சிற்றம்பலத்தின் பெயர். குழாயும் இல்லை, கத்தியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விதைப்பு. சிற்றம்பலம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

கால் மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. பெரிய டொக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். தேத்தண்ணிப் போத்தலோடு இலட்சுமியும் அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள்.

"சிற்றம்பலத்தின்ர ஆக்கள் ஆர்?"

"நான்தான் ஐயா, பெண்சாதி."

"பொல்லாத புண் அம்மா. இண்டைக்கோ நாளைக்கோ ஓட்டை விழுகிற மாதிரிக் கிடக்கு. பின்னேரமே யாழ்ப்பாணம் அனுப்பவேணும், வெட்டத்தான் வேணும். ஆனா உங்கட மனுசன் வலு தைரியசாலி. இப்பிடிச் சந்தோசமாக் குழாய் விழுங்கின ஆளை நான் சீமையிலையும் காணேல்லை."

போர்வை பறந்தது. சிற்றம்பலம் நிலத்தில் குதித்தார்.

"ஐயா, அது என்ர வயிறில்லை!"

டொக்டர் துண்டுக் கடதாசியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீர் ஆர்?"

"சிற்றம்பலம்."

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிறது?"

"என்ர மச்சான்."

"அவர் ஏன் குழாய் விழுங்கினவர்?"

"அதை அவரிட்டைத்தான் கேக்கவேணும் ஐயா. நாங்கள் கதைக்கிறேல்லை."

டொக்டர் கதவுநிலையில் கையை ஊன்றிக்கொண்டார். சிரிப்பதா ஏசுவதா என்று அவர் முடிவெடுக்கச் சிறிது நேரம் பிடித்தது. ஏசத்தான் செய்தார். இரண்டு டொக்டர்மாரும் இரண்டு மிஸிமாரும் முறை வைத்து ஏசினார்கள். இலட்சுமியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சிற்றம்பலத்துக்குப் புதிதாகக் குளிசை கொடுத்து, கடைசித் துண்டு கரையும்வரை ஒரு மிஸி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஏரம்பு படுத்திருந்தார். நஞ்சு இல்லை, மருந்து என்று சொல்லிவிட்டார்கள். புண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டார்கள். வயிறு எப்போதிருந்து எரிகிறது என்று டொக்டர் கேட்டபோது இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு கிழமையோ?"

இல்லையென்று தலையை ஆட்டினார்.

"ரெண்டு மாதமோ?"

"வரு...சம்" என்றார், திரும்பத் தொடங்கியிருந்த நாக்கால்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

ஏரம்பு சிற்றம்பலத்தின் பக்கம் விரலை நீட்டினார். "சொன்னா... உவன் சந்தோசப்படுவான்."

சிற்றம்பலத்தால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அவருடைய நாக்கு அப்போது விறைத்திருந்தது.

குழாய் இறங்கும்போது, மிஸி சொன்னபடி தெரியாமல் இருக்கவில்லை. தெரிந்தது, ஆனால் தாங்கக்கூடியதாகத் தெரிந்தது. கண்ணால் தண்ணீர் வந்தது. யாரோ தன் வீட்டுக்குள் சைக்கிளோடு நுழைந்து திரும்புகிற மாதிரி இருந்தது. கடைசியில் டொக்டர் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு புண்ணும் இல்லை. விடியக்காத்தாலை வெறும் வயித்திலை புகையிலை போடுறனீரோ? அதை விடும். நாளைக்கு வீட்டை போகலாம்."

சிற்றம்பலம் அந்தச் செய்தியை முதலில் மனைவியிடம் தானே சொல்லவேண்டும் என்று வெளியே விரைந்தார். "வெட்டத் தேவையில்லை" என்றார். வெளியே வந்தது "எத்தத்... எத்தத்..." என்ற ஒலியும் நிறைய எச்சிலும்தான். விளங்கப்படுத்துவதற்காகக் கையால் வயிற்றைக் குறுக்கே கீறிக் காட்டி, இரு கைகளையும் விரித்தார். கண்ணில் குழாய்க் கண்ணீர் இன்னும் காயவில்லை.

இலட்சுமிக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. போத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்து ஒப்பாரி எடுத்தாள். வார்ட்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. இரண்டு கிழவிகள் விஷயம் தெரியாமலே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஏரம்பு சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். அவருடைய நாக்கு முழுவதாகத் திரும்பியிருந்தது.

"எடியே, நிப்பாட்டு! மச்சானுக்கு ஒண்டுமில்லையாம். நாளைக்கு வீட்டை வாறார். எனக்கு மட்டும்தான் வெட்டு."

இலட்சுமி ஒரு கணம் நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, புருஷனின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அண்ணனின் பெயரைப் போட்டு, விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.