பல் டாக்டரும் பச்சை விளக்கும்

பல் டாக்டரின் கம்ப்யூட்டருக்கு எக்ஸ்ரே படம் வந்து சேரவில்லை. சிகிச்சை நாற்காலியில் பாட்டு டீச்சர் கன்னம் உப்ப, வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்திருந்தார். பல்லைப் பிடுங்குவதா, காப்பாற்றுவதா என்று படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரவேற்பு மேசையில் இருந்த டாக்டரின் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த தங்கையைக் கூப்பிட்டாள். தங்கைக்கு நெட்வொர்க் வேலைதான் பிழைப்பு.

அவள் நேராக நடைவழி அலமாரிக்குப் போனாள். எல்லா அறைகளின் கேபிள்களும் அங்கிருந்த சுவிட்ச் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. எரிந்தால் இணைப்பு உண்டு. சிமிட்டினால் தகவல் ஓடுகிறது. டாக்டரின் கேபிளுக்கு மேலே மட்டும் இருட்டு. வேறு துளையில் மாற்றிச் செருகினாள். அதுவும் எரியவில்லை.

"அத்தான், பெட்டியில குறை இல்ல. உங்க கேபிள்லதான் ஏதோ கோளாறு. வந்து பாருங்க, லைட்டே வரல."

டாக்டர் வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தானே எரியுது?"

அறைக்குத் திரும்பியவர், திரையில் பாதிப் பல் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

"போயிடுச்சு அத்தான்."

மறுபடி வந்தார். மறுபடி எரிந்தது.

"என்னை நடக்க வச்சு இளைக்க வைக்கணும்னு உங்க அக்கா சொல்லி அனுப்பினாளா?"

"நான் சொல்லி நீங்க எப்போ நடந்திருக்கீங்க?" என்றாள் மனைவி, முன்னறையிலிருந்து.

தங்கைக்குப் பொறி தட்டியது. "அத்தான், போய் உட்காருங்க." அணைந்தது. "எழுந்திருங்க." எரிந்தது. "இன்னொரு தடவை உட்காருங்க."

டாக்டர் உட்கார்ந்ததும் பாட்டு டீச்சர் "ம்ம்… ம்ம்" என்று கையை ஆட்டித் தரையைக் காட்டினார். தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுத்திருந்தவர் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. டாக்டரின் ஸ்டூல் சக்கரம் கேபிளின் மேல் ஏறி நின்றது. அவர் மொத்த எடையும் அதில்தான்.

தங்கை புதுக் கேபிளைச் சுவரோரமாக இழுத்து மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்து, சிமிட்ட ஆரம்பித்தது. முழுப் படமும் வந்தது. வேர் நன்றாக இருந்தது, அடைத்தாலே போதும்.

டீச்சர் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். "வயரைத் தரையில போட்டது யாரு?"

டாக்டர், கதவருகே வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"நான்தான்" என்ற டாக்டர், முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, வேலையைத் தொடங்கினார்.