கேட்டால் மட்டும்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ரொட்ரி சேஸ் தன் குழுவில் இருந்த பதினோரு பேரையும் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசினான். வழக்கமாக அவன் கையில் ஒரு தாள் இருக்கும். அன்று இல்லை.

“இன்னியோட முப்பது நாள் முடியுது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். ஃபீஸ் கட்டாம விலகலாமான்னு அவங்களா கேட்டா சொல்லுங்க. கேக்கலேன்னா நீங்களா ஆரம்பிக்காதீங்க.”

“இது எழுத்துல எங்கயாவது இருக்கா, ரொட்ரி?” என்று கேட்டாள் நெரிஸ் ப்ரோபர்ட்.

“வாயால சொல்றேன்ல. போதாதா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரொட்ரி சிரிக்கவில்லை. அவன் தன் மேசைக்குப் போய்விட்டான்.

மெர்தர் ஊருக்கு வெளியே, ரவுண்டானாவை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் நெரிஸுக்கு இது ஏழாவது வருஷம். தொலைபேசி இணைப்பையும் இணைய இணைப்பையும் வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்களைப் பேசிப் பிடித்துவைப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டணம் ஏறும், ஒவ்வொரு ஏப்ரலிலும் வசவு விழும். அதெல்லாம் பழகிப்போனது. இந்த வருஷம்தான் கம்பெனி கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. மாதத்துக்கு மூன்று பவுண்டு ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். ஏற்றியதோ நாலரை பவுண்டு. எழுதியதற்கு மேல் ஏற்றினால், அறிவிப்பு கிடைத்த முப்பது நாளுக்குள் வாடிக்கையாளர் அபராதம் கட்டாமலே விலகிக்கொள்ளலாம். மார்ச் மாதம் போன மின்னஞ்சலிலும் அது இருந்தது, அடியில், பொடி எழுத்தில்.

நாலு மணிக்குள் நெரிஸ் முப்பத்தேழு பேரிடம் பேசி முடித்திருந்தாள். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற முப்பத்தைந்து பேரும் திட்டினார்கள், கெஞ்சினார்கள், கடைசியில் சரி என்று வைத்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பையில் இருந்த, இறைச்சி அடைத்த பாஸ்டியை அவள் பிரிக்கக்கூட இல்லை. போன நவம்பரில்தான், ஒரு கிழவரிடம் அதிக நேரம் பேசினாள் என்று எழுத்துமூலமாக ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். வீட்டில் இப்போது அவள் சம்பளம் ஒன்றுதான்.

நாலு இருபதுக்கு அடுத்த அழைப்பு வந்தது. முதலில் கேட்டது நாய்களின் குரைப்பு. பிறகுதான் ஒரு பெண் குரல்.

“டேய், சும்மா இரு. உன்னை இல்லம்மா, நாயைச் சொன்னேன். நான் ஓல்வென் பைனன். மலை மேல நாய் விடுதி வெச்சிருக்கேன். ஊருக்குப் போறவங்க எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்க. மூணு லைன் வாங்கிருக்கேன் உங்க கிட்ட. இந்த மாசம் பில்லைப் பார்த்தேன். என்ன, பகல் கொள்ளையா?”

“கட்டணம் ஏறினதைச் சொல்றீங்களா, மிஸஸ் பைனன்?”

“இல்ல, மலை ஏறினதைச் சொல்றேன். வேற கம்பெனியில மாசம் இருபது பவுண்டு குறைச்சுத் தரேங்கறான். உங்களை விட்டுட்டுப் போகணும்னா எவ்வளவு அழணும், அதைச் சொல்லு.”

திரையில் தொகை தயாராக இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம். ஸ்கிரிப்டில் உள்ளபடி நெரிஸ் படித்தாள். “ஐநூத்து முப்பத்தெட்டு பவுண்டு வருது, மேடம்.”

எதிர்முனையில் நாய் ஒன்று மறுபடி குரைத்தது.

“ஐநூறா?”

“பில்லு வர்றதுக்கு முன்னாடி, மார்ச்ல, உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். படிச்சீங்களா?”

“உங்க மெயிலைப் படிக்கவா? நேரா குப்பைக்குத்தான்.”

“அதுல கீழ்ப்பக்கம் சில விவரம் இருக்கு. அதைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா, கேக்கலாம்.”

“படிக்கவே இல்லேங்கறேன். என்னத்தைக் கேக்கறது?”

அப்போதுதான் திரையின் மூலையில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று எரிந்தது. இந்த அழைப்பை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். நெரிஸ் தலையைத் திருப்பவில்லை. இருபதடி தள்ளி ரொட்ரியின் மேசை. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணாடி ஜன்னலில் மங்கலாகத் தெரிந்தது.

“மிஸஸ் பைனன், கட்டணம் ஏத்தினதைப் பத்தி, உங்க ஒப்பந்தத்தைப் பத்தி, வேற ஏதாவது கேக்கணுமா?”

“அதான் கேட்டுட்டேனே.”

“விலகறதைப் பத்தி?”

“அதையும் கேட்டேன். ஐநூத்து முப்பத்தெட்டுன்னு சொன்ன. என்னம்மா நீ, காதுல விழலையா? சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேக்கற?”

அந்தப் பெண் இன்னும் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கேட்டால் போதும். ஃபீஸ் இல்லாமல் போகமுடியுமா என்று கேட்டால் போதும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்?

“சரி விடு,” என்றாள் ஓல்வென். குரலில் இருந்த கிண்டல் போய்விட்டிருந்தது. “போன வருஷம் புயல் கூரையைப் பிரிச்சுப் போட்டது, இந்த வருஷம் இது. கார்டு மெஷின், புக்கிங் எல்லாம் உங்க லைன்லதான் ஓடுது. இல்லாம முடியாது, போறதுக்கும் காசில்ல. கட்டித் தொலைக்கறேன். உன்னைச் சொல்லி என்ன, கண்ணு, நீ சம்பளத்துக்கு உக்காந்திருக்கற. வெச்சுடறேன்.”

“வைக்காதீங்க,” என்றாள் நெரிஸ்.

அவள் குரல் சற்று உரக்க வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

“நான் சொல்றதை ஒரு காகிதத்துல எழுதிக்கோங்க. ஒப்பந்தத்துல மூணு பவுண்டுன்னு போட்டிருக்கு. ஏத்தினது நாலரை. போட்டதுக்கு மேல ஏத்தினா, நீங்க அபராதம் எதுவும் கட்டாம விலகலாம். ஐநூத்து முப்பத்தெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணும். எங்கிட்டயே சொல்லலாம். இப்பவே.”

“முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாமே.”

“ஆமா,” என்றாள் நெரிஸ். “சொல்லியிருக்கணும்.”

ஓல்வென் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “மூணு லைன்லேர்ந்தும் நான் விலகறேன். எழுதிக்கோ.”

நெரிஸ் எழுதினாள். மூன்று இணைப்புக்கும் மூன்று பதிவு எண் வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துக்காட்டினாள். மூன்றாவது எண்ணைப் படிக்கும்போதே ரொட்ரி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டான். அவள் கடைசி இலக்கம் வரை நிதானமாகப் படித்து முடித்தாள்.

“ஹெட்செட்டைக் கழட்டுங்க, நெரிஸ்,” என்றான் ரொட்ரி. அவன் முகம் வெளுத்திருந்தது. “இன்னிக்கு இனிமே நீங்க பேச வேண்டாம்.”

ஆறு மணி வரைக்கும் அவளைச் சும்மா உட்காரவைத்தார்கள்.

சனியும் ஞாயிறும் நெரிஸ் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சமையலறை அலமாரிகளை எல்லாம் இறக்கிக் கழுவினாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜன்னல் இல்லாத சிறிய அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பணியாளர் பிரிவிலிருந்து ஜில்லியன் ட்ராஸ்க் என்ற அம்மாள் கார்டிஃபிலிருந்து வந்திருந்தாள். பக்கத்தில் ரொட்ரி, மேசையைப் பார்த்தபடி.

ஜில்லியன் ஒரு தாளை நகர்த்தினாள். “இரண்டாவது எச்சரிக்கை. படிச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க.”

நெரிஸ் படித்தாள். ஓர் அழைப்புக்கு ஒன்பது நிமிடம் அனுமதி, அவள் பேசியது பதினாறு நிமிடம். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“நான் அந்த அம்மாகிட்ட என்ன சொன்னேங்கறது இதுல இல்லையே.”

“அது இங்க பிரச்சினை இல்ல.”

“பிரச்சினை இல்லேன்னா வெள்ளிக்கிழமை நாலரைக்கே ஏன் என் ஹெட்செட்டைக் கழட்டச் சொன்னாங்க? ஏன் ஆறு மணி வரைக்கும் என்னைப் பேச விடல?”

ஜில்லியன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

“உண்மையான காரணத்தை எழுதுங்க,” என்றாள் நெரிஸ். “அபராதம் இல்லாம விலகலாம்னு வாடிக்கையாளர்கிட்ட சொன்னதுக்காகன்னு எழுதுங்க. இந்த நிமிஷமே போடறேன்.”

“ஒரு ஃபோன் பண்ணிட்டு வரேன்,” என்று ஜில்லியன் எழுந்து வெளியே போனாள்.

கதவு மூடியதும் ரொட்ரி தாழ்ந்த குரலில் சொன்னான், “ஏன் இப்படி இழுக்கறீங்க? நான் எப்படியாவது பேசி வேலையைக் காப்பாத்தித் தரேன். போட்டுடுங்க.”

“ரெண்டாவதுன்னா வெளிய. நவம்பர் கடிதத்தை டைப் அடிச்சதே நீதானே.”

“எனக்கு நாலு மாசக் குழந்தை இருக்கு, நெரிஸ்.”

“தெரியும். அதுக்குத் தொப்பி பின்னிக் குடுத்தவ நான்.”

நெரிஸ் மனசுக்குள் வாடகையைக் கட்டுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தாள். ரவுண்டானாவுக்கு அந்தப்பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் ஆள் வேண்டும் என்று பலகை தொங்கியது நினைவுக்கு வந்தது.

இருபது நிமிடம் கழித்து ஜில்லியன் திரும்பினாள். உட்காராமலே ரொட்ரியைப் பார்த்துக் கேட்டாள்: “வெள்ளிக்கிழமை காலையில, கேட்டா மட்டும் சொல்லுங்கன்னு நீங்க குழுவுக்கு ஒண்ணும் சொல்லல, இல்லையா?”

இல்லை என்ற பதிலை வாயில் ஊட்டிவிடுகிற கேள்வி அது. ரொட்ரி ஒரு தலையசைப்பில் முடித்துக்கொண்டிருக்கலாம். அவன் மேசையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். நெரிஸைப் பார்க்கவில்லை.

“சொன்னேன்,” என்றான்.

“யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சுதான் சொல்றேன். அவங்களா கேட்டா மட்டும் சொல்லுங்கன்னு பதினோரு பேர்கிட்டயும் சொன்னேன். வியாழக்கிழமை எனக்கு மேலேர்ந்து ஃபோன் வந்துச்சு. எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். குடுக்கல.”

ஜில்லியன் நின்றபடியே அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தாள். “இது இப்ப இல்ல. நீங்க சீட்டுக்குப் போகலாம், நெரிஸ்.”

நெரிஸ் எழுந்தாள். “அன்னிக்கு எங்கிட்ட அதைக் கேக்காமலே வெச்சுட்ட முப்பத்தஞ்சு பேர் இருக்காங்க. அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாமா?”

“நாள் முடிஞ்சிருச்சு,” என்றாள் ஜில்லியன். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

அந்தத் தாள் திரும்பி வரவேயில்லை. ஜூன் மாதம் மறுசீரமைப்பு என்ற பெயரில் ரொட்ரியின் பொறுப்பை எடுத்துக்கொண்டு, நெரிஸுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவனை உட்காரவைத்தார்கள். அவனுக்கு வந்த முதல் அழைப்பில் ஸ்வான்ஸீக்காரர் ஒருவர் கத்தியது நெரிஸின் காதுவரை எட்டியது. ரொட்ரி இடையிடையே விளக்கம் சொல்லப்போக, அவர் இன்னும் எகிறினார். கடைசியில் அவரே தொடர்பைத் துண்டித்தார்.

ரொட்ரி ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிக்கொண்டான். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் நெரிஸிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏழு வருஷம் எப்படித் தாங்கினீங்க?” என்றான்.

“முதல் ஒரு நிமிஷம் குறுக்க பேசாத,” என்றாள் நெரிஸ். “முழுசாத் திட்டட்டும். அப்புறம் பேசு.”

அவன் தலையாட்டினான். திரையில் அடுத்த அழைப்பு மினுக்கியது. ரொட்ரி மூச்சை இழுத்துவிட்டு அதை எடுத்தான், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.