பதினொரு வீடுகள், இருபது கைகள்

“ரெண்டுக்கும் கை தூக்கினா எப்படிங்க? ஏதாவது ஒண்ணுக்குத்தானே?”

“ரெண்டும் எங்கட ஆக்கள் கொண்டுவந்தது, பிள்ளை. ஆருக்கு எதிரா இருக்கிறது?”

1

இந்தக் கதை இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் பிறந்தது. கேட்டவர் கோதை, சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர். பதில் சொன்னவர் அல்பேர்ட் அண்ணை, எங்கள் சங்கத் தலைவர். இந்தப் பனி நாட்டில், ஹொல்ம்லியா என்ற புறநகருக்கு மேலே, காட்டோரத்தில் பதினொரு வீடுகள். நகரத்தின் குழாய்கள் எங்கள் ஏற்றம்வரை வருவதில்லை. ஆகவே தண்ணீரையும் கழிவுநீரையும் நாங்களே ஒரு சங்கமாகப் பார்த்துக்கொள்கிறோம். லாபம் எடுக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு வாக்கு. புதிய இணைப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். மொழிபெயர்ப்பு நாவல் வாசித்தால் கூட்டக் குறிப்பு எழுத வரும் என்று யார் சொன்னார்களோ.

2

(முதல் தொடக்கம்: “பனி உருகிய அந்த மாலையில், பூமிக்கடியில் பதினொரு குடும்பங்களின் ரகசியங்கள் ஒன்றாகக் கலந்து…” விட்டுவிட்டேன். சாக்கடையைப் பற்றி என்று தெரிந்ததும் ஏமாந்திருப்பீர்கள்.)

நடந்தது இதுதான். பன்னிரண்டாவது வீட்டைக் கட்டி முடித்திருக்கிறார் கம்சாயினி. கழிவுநீர் இணைப்பு உண்டென்று எங்கள் கூட்டக் குறிப்பைக் காட்டினால்தான் கொம்மூன, அதாவது நகராட்சி, அவரைக் குடிபுக விடும். ட்வெய்ட்டாவில் இருக்கும் வாடகை வீட்டை வெள்ளிக்கிழமை விடவேண்டும். இணைப்பை உடனே கொடுப்போம் என்றார் கோதை. புதுப் பம்பு வரும்வரை பொறுப்போம் என்றார் அல்பேர்ட் அண்ணை. மற்ற ஒன்பது வீடுகளும் இரண்டுக்கும் கை உயர்த்த, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கைகள். (என் கையும்.)

3

அல்பேர்ட் அண்ணையை வில்லனாக்கப் பார்த்தேன்; முடியவில்லை. போன மாரியில் பம்பு மூன்று தடவை அடைத்தபோது குழிக்குள் இறங்கியவர் அவர்தான்.¹

¹ மற்றவர்கள் மேலே நின்று டோர்ச் பிடித்தோம். ஆலோசனையும் சொன்னோம்.

முடிவு அ: மறுபடி கூட்டம். மறுபடி இருபது கைகள்.

முடிவு ஆ: கம்சாயினி எழுந்து, கண்கள் கலங்க, நீண்டதோர் உரை… இல்லை. உண்மையில் அவர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

4

நேற்று அல்பேர்ட் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். இன்னும் ஒரு சொல்லும் எழுதாத கூட்டக் குறிப்புத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

“நீர் எழுதும். நான் ஒண்டும் வாசிக்கேல்லை. சொன்ன சொல்லை மாத்தினன் எண்டு வரக்கூடாது. அதுக்காக அந்தப் பிள்ளை எங்கை போறது?”

எழுதினேன்: “இணைப்பை உடனே வழங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” நான் எழுதி முடித்த முதல் புனைவு இதுதான்.

சட்டப்படி இன்னொரு கையெழுத்தும் வேண்டும். அதற்குக் கூட்டம் தெரிவுசெய்தது கோதையை. இருபது கைகளையும் அப்படியே எழுதினால்தான் போடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அப்படி எழுதினால் இரண்டு தீர்மானமும் முட்டிக்கொள்ளும்; கொம்மூன ஏற்காது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். இப்போது கோதையின் வாசலில் நிற்கிறேன். தாளை வாங்கிக்கொண்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

“அக்கா, இந்த ஒருக்கா மட்டும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவீங்களோ?”